ஒலிபெருக்கியில் ஒரு வாக்குமூலம்

கதவைத் திறப்பதற்கு முன்பே தனுஜாவுக்கு விஷயம் தெரிந்துவிட்டது. காளான் வளர்க்கிற குடிலில் டீசல் வாடைக்கு வேலை கிடையாது.

ஈரச் சாக்குப் படுதாவை விலக்கினாள். கயிறுகளில் வரிசையாகத் தொங்கிய மரத்தூள் பைகளில் ஒன்றுகூட முழுசாக இல்லை. மேலிருந்து கீழ்வரை கத்தியால் கிழித்து, கிழிசலுக்குள் டீசலை ஊற்றியிருந்தார்கள். நேற்று மாலை வெள்ளை வெளேரென்று தலை நீட்டிய மொட்டுகள் கறுப்புச் சேற்றில் கிடந்தன. கிழித்த கை அவசரப்படவில்லை. ஒரு மூலையில் ஆரம்பித்து மறு மூலைவரை நிதானமாக வேலை பார்த்திருந்தது.

தனுஜா எதையும் தொடவில்லை. போனை எடுத்து எல்லாப் பக்கமும் படம் பிடித்தாள். பிறகு, எல்ல என்கிற சுற்றுலா ஊரில் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கும் காமிலாவை அழைத்தாள்.

"அக்கா, இன்னைக்குக் காளான் வராது."

"பரவால்ல. நாளைக்கி அனுப்புங்க."

"நாளைக்கும் வராது. பை எல்லாம் புதுசா கட்டணும்."

"திரும்பவும் நானாவா?" என்று கேட்டாள் காமிலா. நானா என்றால் அவள் பேச்சில் அண்ணன்.

"அவருதான். இந்தத் தடவை நான் பாத்துக்கிறேன்."

பூனாகலைத் தேயிலைத் தோட்டத்தில், மேற்கணக்கு லயம் என்கிற தொழிலாளர் வரிசை வீடுகளில் கடைசி வீடு அது. அப்பா இறந்த பிறகு அங்கே மூன்று பேர்: அம்மா வேலாயி, மூத்தவன் நிஷாந்த், இளையவள் தனுஜா. நிஷாந்த் எல்லயில் சுற்றுலாக்காரர்களுக்கு வேன் ஓட்டினான். தனுஜா கொழும்பில் தையல் ஆலையில் சேர்த்ததைக் கொண்டுவந்து, காளான் வளர்ப்பு வகுப்புக்குப் போய்ப் படித்து, வீட்டின் பின்னால் மேட்டில் மூங்கிலால் அந்தக் குடிலைப் போட்டாள். இப்போது எல்லயில் பாதிக் கடைகளுக்கு அவள் காளான்தான்.

பிரச்சினை அந்த மேடு. அங்கே நின்றால் பள்ளத்தாக்கு முழுவதும் காலடியில் விரியும். அங்கே இரண்டு அறை கட்டினால் வெள்ளைக்காரர்கள் வந்து தங்குவார்கள் என்று யாரோ நிஷாந்தின் காதில் போட்டுவிட்டார்கள். அன்றிலிருந்து அவனுக்குக் குடில் கண்ணில் விழுந்த தூசி. முதலில் தண்ணீர்க் குழாயை வெட்டினான். அடுத்து நிழல் வலையை எரித்தான். இது மூன்றாவது.

வாசலில், லயத்துக்காரர்கள் இஸ்தோப்பு என்று சொல்கிற முன்திண்ணையில், நிஷாந்த் கால் மேல் கால் போட்டுத் தேநீர் குடித்துக்கொண்டிருந்தான்.

"என்னா, காளான் செத்துப்போச்சா?" என்றான். "பூஞ்சணம் புடிச்சிருக்கும்."

"பூஞ்சணம் டீசல் குடிக்காதுண்ணே."

"அப்ப பன்னி வந்திருக்கும்."

"கத்தியோடயா?"

நிஷாந்த் சிரித்தான். "சரி, நான்தான்னு வையி. என்னா பண்ணுவ? இது எங்க அப்பா வீடு. வீட்டுக்குப் பின்னால இருக்கிறது வீட்டுச் சாமான். வீட்டுச் சாமான வீட்டு ஆம்புள ஒடைச்சா எந்தக் கோட்டுல கேப்பாங்க?"

வேலாயி உள்ளேயிருந்து கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். "அவன் சும்மா பேசுறான் தனு. யாரு பண்ணுனாங்கன்னு தெரியாம வாயை வுடாத. வெள்ளிக்கிழமை தலைவருகிட்டச் சொல்லிக் கோயில்ல பேசிக்குவோம்."

"ரெண்டு தடவை பேசியாச்சும்மா. ரெண்டு டின் எண்ணெய் வந்துச்சு. மாரியம்மா வெளக்கு நல்லா எரியுது. என் வலைதான் எரிஞ்சு போச்சு."

"அதுக்கு?"

"பண்டாரவளைப் பொலிசுக்குப் போறேன்."

நிஷாந்தின் சிரிப்பு நிற்கவில்லை. ஆனால் கால்மேல் போட்டிருந்த காலை இறக்கினான். தனுஜா அதைப் பார்த்துக்கொண்டேதான் படியிறங்கினாள்.

*

பொலிஸ் நிலையத்தில் பெண்கள் பிரிவு ஒரு தனி அறை. அங்கே இருந்த உப பொலிஸ் பரிசோதகர் சுபாஜினி யாழ்ப்பாணத்துக்காரி. படங்களை ஒவ்வொன்றாகப் பெரிதாக்கிப் பார்த்தாள்.

"செய்தது உங்கட அண்ணர்தான் எண்டு ஆர் பாத்தது?"

"யாரும் பாக்கல மேடம்."

"பிறகென்னெண்டு சொல்லுறீங்கள்?"

"முன்னாடி ரெண்டு தடவை அவருதான். கோயில்ல வச்சு ஒத்துக்கிட்டாரு."

"அது முந்தின சங்கதி. இந்த முறைக்கு என்ன இருக்கு? டீசல் ஆரிட்டையும் இருக்கும். கத்தி எல்லா வீட்டிலயும் இருக்கும்." சுபாஜினி பேனாவை மூடினாள். "முறைப்பாட்டை எழுதுறன். அவரைக் கூப்பிட்டு விசாரிக்கிறன். ஆனா ஒண்டு விளங்கிக்கொள்ளுங்கோ தங்கச்சி. அவர் இந்தக் கதிரையில இருந்து 'ஓம், நான்தான் செய்தனான்' எண்டு என்னட்டச் சொன்னாலும் அதை நான் கோட்டில சாட்சியாச் சொல்லேலாது. பொலிசிட்டச் சொன்ன குற்ற ஒப்புதலைச் சட்டம் ஏற்காது."

தனுஜா நிமிர்ந்து உட்கார்ந்தாள். "பொலிசு இல்லாத ஆளுகிட்டச் சொன்னா?"

"ஒருத்தரும் வெருட்டாம, 'சொன்னால் விட்டுடுவம்' எண்டு ஆசை காட்டாம, தானாச் சொன்னால் அது செல்லும். கேட்ட ஆள் வந்து சாட்சிக் கூண்டில ஏறவேணும்."

"ஊரே கேட்டா?"

சுபாஜினி அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "ஊருக்கு முன்னால ஆராவது குற்றத்தைச் சொல்லுவினமோ?"

"எங்க தோட்டத்துல சொல்லுவாங்க மேடம். மைக்குல சொல்லுவாங்க."

பிறகு தனுஜா அந்த வழக்கத்தை விளக்கினாள். வெள்ளிக்கிழமை பூசை முடிந்ததும் கோயில் முற்றத்தில் தோட்டத் தலைவர் பொன்னையா உட்காருவார். தொழிற்சங்கத் தலைவரும் அவரே, கோயில் தலைவரும் அவரே. தப்புச் செய்தவன் விளக்குக்கு ஒரு டின் எண்ணெய் தரவேண்டும். ஆனால் எண்ணெயை வைத்துவிட்டுப் போய்விட முடியாது. என்ன தப்பு, எப்படிச் செய்தேன் என்று வாயால் சொன்னால்தான் தலைவர் டின்னைத் தொடுவார். ஒரு காலத்தில் ஒருவன் தண்ட எண்ணெயைக் கொடுத்துவிட்டு, மறுநாளே "அது என் நேர்த்திக்கடன்" என்று கதையை மாற்றிவிட்டான். அப்போது வந்த ஏற்பாடு. மைக்கில் சொன்னால் தோட்டத்தின் மூன்று கணக்குக்கும், அதாவது மூன்று பிரிவுக்கும் கேட்கும். கேட்ட பிறகு அந்த விஷயத்தை யாரும் கிளறக்கூடாது.

சுபாஜினி மெல்லச் சிரித்தாள்.

"நீங்க வர்றீங்களா மேடம்?"

"நான் அந்தப் பக்கமே வரமாட்டன். பொலிஸ் பக்கத்தில நிண்டால் எல்லாம் பழுதாப் போயிடும். இன்னுமொண்டு. முறைப்பாட்டை வாபஸ் எடுக்கிறன் எண்டு நீங்கள் ஆருக்கும் சொல்லக்கூடாது. ஆசை காட்டினதா ஆயிடும்."

"ஆசை காட்ட மாட்டேன். எடுக்க மாட்டேன்னு மைக்குலயே சொல்றேன்."

"சொன்னால் அவர் வாய் திறப்பாரோ?"

"எங்க அண்ணனை எனக்குத் தெரியும்," என்றாள் தனுஜா.

*

நிஷாந்தை விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். போனான். சம்பவத்தன்று எல்லயில் இருந்தேன் என்றான். திரும்பி வந்து, "பொலிசுல டீ குடுத்தாங்க, நல்லா இருந்துச்சு" என்று லயம் முழுக்கக் கேட்கும்படி சொன்னான். அதோடு நிற்கவில்லை. குடிலில் மிச்சமிருந்த மூங்கிலையும் பிடுங்கிப் போடப்போவதாக இரண்டு பேரிடம் சொல்லிவைத்தான்.

வேலாயி மகளிடம் கெஞ்சினாள். "அவன் ஜெயிலுக்குப் போனா நாளைக்கு எவன் பொண்ணு குடுப்பான்? கோயிலுக்கு வந்து பேசு தனு."

"வர்றேம்மா."

இவ்வளவு சுலபமாக ஒத்துக்கொள்வாள் என்று வேலாயி எதிர்பார்க்கவில்லை. சந்தோஷத்தில் வேறு எதையும் கேட்கவில்லை.

வெள்ளிக்கிழமை. பூசை முடிந்தது. மாரியம்மன் கோயில் முற்றத்தில் பெண்கள் ஒரு பக்கம், ஆண்கள் ஒரு பக்கம். சவுக்கு மரத்தில் கட்டிய குழாய் ஸ்பீக்கர் இரண்டு முறை கரகரத்தது. போன்கள் எல்லாம் மடிக்குள் போயின. கோயில் கூட்டத்தில் போனை எடுக்கக்கூடாது என்பது பொன்னையா போட்ட சட்டம். முன்பு ஒரு குடும்பச் சண்டை படமாகி டுபாய்வரை போய், அங்கேயிருந்த மருமகன் வேலையை விட்டுவிட்டு வந்து நின்றான்.

பொன்னையா வெள்ளைச் சட்டையின் கையை மடித்துவிட்டுக்கொண்டார். "தனுஜா, நீ மொதல்ல பேசு."

அவள் மைக்கை வாங்கினாள். குரல் நடுங்கவில்லை.

"என் காளான் பைகளை யாரோ கிழிச்சு டீசல் ஊத்திட்டாங்க. நான் பொலிசுல முறைப்பாடு குடுத்திருக்கேன். இங்க என்ன பேசுனாலும் அந்த முறைப்பாடு குடுத்தபடியேதான் இருக்கும். அத நான் திருப்பி வாங்க மாட்டேன். இதை எல்லாரும் கேட்டுக்கங்க. அண்ணே, நீயும் கேட்டுக்க."

கூட்டத்தில் சிரிப்பு. "பொலிசாம்ல," என்றார் ஒருவர். "இங்க முடிஞ்சா அங்க என்னா இருக்கு?" என்றது இன்னொரு குரல். பெரட்டுக் களத்தில் காலையில் பேர் கூப்பிடுவதிலிருந்து கல்யாணம் காதுகுத்துவரை எல்லாம் தோட்டத்துக்குள்ளேயே முடிந்து பழகிய கூட்டம் அது. கோயிலில் தீர்ந்த காரியம் மலையிறங்கிப் பண்டாரவளைக்குப் போகும் என்று அங்கே யாருமே நினைக்கவில்லை.

நிஷாந்தும் நினைக்கவில்லை. எண்ணெய் டின்னைத் தூக்கித் தலைவரின் காலடியில் வைத்தான். மைக்கைப் பிடித்தான்.

"தப்பு நடந்துருச்சு. மன்னிச்சுக்கங்க." மைக்கைத் திருப்பிக் கொடுக்கக் கையை நீட்டினான்.

தனுஜா தலைவரைப் பார்த்தாள். 'நடந்துருச்சு' என்பது வாக்குமூலம் அல்ல. யார் செய்தார் என்பது அதில் இல்லை.

பொன்னையா மைக்கை வாங்கவில்லை. "என்னா தப்பு?"

"அதான் தலைவரே, எல்லாருக்கும் தெரியும்ல."

"தெரிஞ்சா நான் எதுக்கு இங்க குந்தியிருக்கேன்? யாரு பண்ணுனா, என்னா பண்ணுனா, வாயால சொல்லு. இல்லாட்டி டின்னைத் தூக்கிட்டுப் போ."

"சொல்லுடா மாப்ள," என்று ஆண்கள் பக்கமிருந்து ஒரு சத்தம். "வெக்கமா இருக்கா?"

அந்த ஒரு சொல் போதுமாக இருந்தது. நிஷாந்த் நெஞ்சை நிமிர்த்தினான்.

"எனக்கு என்னாடா வெக்கம்? நான்தான் கிழிச்சேன். வேன் டாங்கில இருந்து டீசல் எறக்கி, கலன்ல கொண்டுபோய் நான்தான் ஊத்துனேன். ஒரு பை விடல. பழைய கொழாயும் நான்தான், வலையும் நான்தான். அந்த மேடு எங்க அப்பா எடம். அங்க ரூம் கட்டுவேன். போதுமா தலைவரே?"

குழாய் ஸ்பீக்கர் அந்தப் 'போதுமா'வைக் கீழ்க்கணக்குவரை கொண்டுபோய் எதிரொலித்தது.

"போதும்," என்றார் பொன்னையா. டின்னைத் தொட்டார். "காரியம் முடிஞ்சது."

தனுஜா வீட்டுக்குப் போகும் வழியில் சுபாஜினிக்குப் போன் போட்டாள். "மேடம், சொல்லிட்டாரு. கலன் வரைக்கும்."

*

சுபாஜினி மறுநாளே ஜீப்பில் வந்து இறங்கினாள். அப்போதுதான் ஊருக்கு உறைத்தது.

கூட்டத்தில் இருந்தவர்களை ஒவ்வொருவராகக் கேட்டாள். பதில் ஒன்றுதான்: "தலைவரைக் கேளுங்க." தலைவரைக் கேட்டாள். பொன்னையா தேயிலை மலையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "கூட்டம் நடந்துச்சும்மா. யாரு என்னா பேசுனாங்கன்னு ஞாபகம் இல்ல."

அன்று மாலை அவரே தனுஜாவின் வீட்டு வாசலுக்கு வந்தார். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"நீ செஞ்சது சரியில்ல புள்ள. மாரியம்மா முன்னால பேசுனதைப் பொலிசுக்குக் கொண்டு போயிட்ட."

"நான் ஒளிச்சு ஒண்ணும் பண்ணலிங்க. முறைப்பாடு இருக்கும்னு அதே மைக்குலதான் சொன்னேன்."

"சொன்ன. எவன் கேட்டான்?"

"நீங்க கேட்டீங்க. உங்களுக்கு ஞாபகம் இல்லாட்டிப் பரவாயில்ல. கோட்டுலயும் வந்து ஞாபகம் இல்லைன்னு சொல்லுங்க. நான் கோவிச்சுக்க மாட்டேன். ஆனா அவரு நாலாவது தடவை குடிலுக்குள்ள வந்தா உங்ககிட்ட வர மாட்டேன்."

பொன்னையா திரும்பி நடந்தார்.

முதலில் மத்தியஸ்த சபைக்கு அழைப்பு வந்தது. நிஷாந்த் போகவில்லை. அது இணங்காத வழக்கு என்று எழுதித் திருப்பினார்கள். பிறகு நீதவான் நீதிமன்றம். அழைப்பாணை பொன்னையாவுக்கும் வந்தது.

சுபாஜினி தனுஜாவைத் தனியே கூப்பிட்டாள். "உண்மையைச் சொல்லுறன். முறைப்பாட்டுக்காரி உங்கட சொல்லு மட்டும் போதாது; தலைவர் வாய் திறக்காட்டி வழக்கு நிக்காது. அண்ணர் விடுதலையாகி வந்தால் பிறகு உங்கட குடில் அவ்வளவுதான். பயமாயிருக்கோ?"

"இல்ல மேடம். புது மூங்கிலுக்குச் சொல்லிட்டேன்."

*

விசாரணை நாள். சாட்சிகளை வெளியே வாங்குப் பலகையில் உட்காரவைத்துவிட்டு ஒவ்வொருவராகக் கூப்பிட்டார்கள். முதலில் தனுஜா. நீதவான் ஒரு பெண், சிங்களத்தில் கேட்டார். மொழிபெயர்ப்பாளர் தமிழில் சொன்னார்.

தனுஜா தான் பார்த்ததையும் கேட்டதையும் சொல்லி முடித்ததும், நிஷாந்தின் சட்டத்தரணி எழுந்தார். பதுளையிலிருந்து வந்தவர். கோட்டுப் பையில் கையை விட்டுக்கொண்டுதான் பேசுவார்.

"குடில் இருக்கும் நிலம் யாருடையது?"

"தோட்டத்தோடது."

"அப்படியென்றால் குடில் உன்னுடையது என்பதற்கு என்ன பத்திரம்?"

"பத்திரம் இல்லைங்க. மூங்கில் வெட்டுனது நான். கூரை வேஞ்சது நான். பை கட்டுனது, தண்ணி தெளிச்சது, காளான் வித்தது நான். பத்திரம்னு ஒண்ணு இருந்தா அதையும் நான்தான் தூசி தட்டி வச்சிருப்பேன்."

"நீயும் எதிரியான உன் அண்ணனும் ஒரே வீட்டில்தானே இருக்கிறீர்கள்? ஒரே அடுப்பில்தானே சமையல்?"

"ஆமாங்க. சமைக்கிறதும் நான்தான்."

பின்வரிசையில் யாரோ சிரித்து அடங்கினார்கள். சட்டத்தரணி நீதவானைப் பார்த்தார். இது குடும்பத்தின் பொதுச் சொத்து. தன் சொத்தைத் தானே சேதப்படுத்தினால் அது எப்படிக் குற்றமாகும் என்று கேட்டார்.

நீதவான் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். மொழிபெயர்ப்பாளர் அவர் சொன்னதைத் தமிழில் எடுத்துச் சொன்னார்: "சொத்தில் உங்கள் கட்சிக்காரருக்கும் பங்கு இருக்கிறது என்றே வைத்துக்கொள்வோம். மற்றவருக்கு நட்டம் வரும் என்று தெரிந்தே அழித்தால் அப்போதும் குற்றம்தான். சட்டத்தில் அது தெளிவாக இருக்கிறது. வேறு கேள்வி இருந்தால் கேளுங்கள்."

எதிரிக் கூண்டில் நிஷாந்த் முதல்முறையாகச் சட்டத்தரணியைத் திரும்பிப் பார்த்தான். 'எங்க அப்பா வீடு' என்ற வாதம் அங்கேயே முடிந்துவிட்டது.

அடுத்துப் பொன்னையா. அதே வெள்ளைச் சட்டை. சத்தியம் செய்தார். வழக்கை நடத்திய பொலிஸ் அதிகாரி நேராகக் கேட்டார்: "அந்த வெள்ளிக்கிழமை எதிரி கோயிலில் என்ன சொன்னார்?"

பொன்னையா தனுஜாவைப் பார்க்கவில்லை. "கூட்டம் நடந்துச்சுங்க. என்னா பேசுனாங்கன்னு ஞாபகம் இல்லைங்க."

அதிகாரி வேறு விதமாகவும் கேட்டுப் பார்த்தார். அதே பதில். கடைசியில் உட்கார்ந்துவிட்டார். கதவோரம் நின்ற சுபாஜினி தரையைப் பார்த்தாள். பின்வரிசையில் வேலாயி பெருமூச்சு விட்டது தனுஜாவுக்குக் கேட்டது. அது நிம்மதியா துக்கமா என்று அந்தத் தாய்க்கே தெரிந்திருக்காது.

நிஷாந்தின் சட்டத்தரணி அந்த இடத்தில் 'கேள்வி இல்லை' என்று சொல்லியிருந்தால் வழக்கு முடிந்திருக்கும். ஆனால் தொடக்கத்தில் நீதவானிடம் வாங்கிய அடி அவருக்கு வலித்துக்கொண்டிருந்தது. கட்சிக்காரனிடம் காலையில் கேட்டு வைத்திருந்த ஒரு விஷயமும் கையில் இருந்தது. இரண்டும் சேர்ந்து அவரை எழுப்பிவிட்டன.

"கூட்டம் நடந்தது என்கிறீர்கள். அப்படி ஒரு கூட்டமே நடக்கவில்லை என்று நான் சொல்கிறேன்."

பொன்னையா விழித்தார். "நடந்துச்சுங்க."

"என் கட்சிக்காரர் மைக்கைத் தொடவே இல்லை."

"தொட்டாருங்களே."

"எண்ணெய் டின் எதுவும் கோயிலுக்கு வரவில்லை. சாமி பெயரைச் சொல்லி ஊராரிடம் எண்ணெய் வாங்கி, நீங்கள் கடையில் விற்றுச் சாப்பிடுகிறீர்கள். அது வெளியே வராமலிருக்க, இந்தப் பெண்ணோடு சேர்ந்து என் கட்சிக்காரர் மேல் கதை கட்டினீர்கள். சரிதானே?"

பொன்னையா கூண்டின் கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு மெதுவாகத் திரும்பினார். சட்டத்தரணியைப் பார்க்கவில்லை. நிஷாந்தைப் பார்த்தார்.

"நீ சொல்லிக் குடுத்தியாடா?"

நீதவான் மேசையைத் தட்டினார். எதிரியோடு பேசக்கூடாது. ஆனால் நிஷாந்தின் தலை அதற்குள் குனிந்துவிட்டது. தலைவருக்கு அது போதும்.

"அம்மா," என்று நீதவானைப் பார்த்துக் கும்பிட்டார் பொன்னையா. "எனக்கு இப்ப ஞாபகம் வந்துருச்சுங்க."

சட்டத்தரணி அவசரமாக, "கேள்வி முடிந்தது" என்றார்.

"நீங்க முடிச்சுக்கலாம் ஐயா. கேட்டதுக்கு நான் இன்னும் பதில் சொல்லலியே. எண்ணெய் வரலைன்னீங்க. வந்துச்சு. யாரு குடுத்தா? அதோ நிக்கிறாரு. சும்மா குடுத்தா நான் வாங்க மாட்டேன். என்னா தப்புன்னு மைக்குல சொல்லச் சொன்னேன். மொதல்ல மழுப்புனாரு. டின்னைத் தூக்கிட்டுப் போன்னேன். அப்புறம் சொன்னாரு. 'நான்தான் கிழிச்சேன். வேன் டாங்கில இருந்து டீசல் எறக்கி நான்தான் ஊத்துனேன். ஒரு பை விடல'ன்னு சொன்னாரு. முந்தி கொழாயை வெட்டுனது, வலையை எரிச்சதுகூடச் சொன்னாரு."

"அப்போது யாராவது மிரட்டினார்களா?" இது நீதவான்.

"யாரும் மெரட்டலிங்க. அந்தப் புள்ளகூட, முறைப்பாட்டைத் திருப்பி வாங்க மாட்டேன்னு மொதல்லயே மைக்குல சொல்லிருச்சு. அது தெரிஞ்சேதான் பேசுனாரு. மூணு கணக்கு கேட்டுச்சுங்க. ஞாபகம் இல்லைன்னு நான் முன்னால சொன்னது தப்பு. தோட்டத்துப் பையனாச்சேன்னு பாத்தேன். அவன் என்னைய எண்ணெய்க் கள்ளன்னு சொல்லிட்டான்."

மொழிபெயர்ப்பாளர் 'எண்ணெய்க் கள்ளன்' என்பதற்குச் சிங்களத்தில் சொல் தேடினார். நீதவான் கையை உயர்த்தி, விளங்கிவிட்டது என்றார்.

இடைவேளை. வெளியே மரத்தடியில் சட்டத்தரணி நிஷாந்தின் காதருகே நெடுநேரம் பேசினார். திரும்பி உள்ளே வந்ததும், எதிரி குற்றத்தை ஏற்றுக்கொள்வதாக மன்றுக்கு அறிவித்தார்.

நீதவான் தீர்ப்பைச் சொன்னபோது நிஷாந்த் கூண்டின் மரத்தைப் பிடித்துக்கொண்டான். சிறைத் தண்டனை. அது ஒத்திவைக்கப்படுகிறது. குறித்த காலத்துக்குள் மறுபடி இப்படியொரு குற்றம் செய்தால், ஒத்திவைத்தது அப்படியே தலைமேல் வந்து விழும். தனுஜாவுக்கு நட்டஈடு. குடும்ப வன்முறைச் சட்டத்தின் கீழ் அவள் தனியாகக் கேட்டிருந்த பாதுகாப்புக் கட்டளையும் கிடைத்தது. குடிலுக்குள் அவன் போகக்கூடாது. அதைச் சுற்றியிருக்கும் மேட்டில் கால் வைக்கக்கூடாது. அங்கே உள்ள எதையும் தொடக்கூடாது. மீறினால் அதுவே தனிக் குற்றம்.

"விளங்கியதா?" என்று கேட்டார் நீதவான்.

"விளங்குச்சுங்க," என்றான் நிஷாந்த். அந்தக் குரல் முன்வரிசையைத் தாண்டவில்லை.

*

பூனாகலை பஸ்ஸில் நால்வரும் ஒரே நேரத்தில் ஏற வேண்டியதாயிற்று. வேறு பஸ் இல்லை. நிஷாந்த் பின்கதவருகே நின்றான். வேலாயி ஜன்னலோரம் அமர்ந்து சேலைத் தலைப்பைப் பிழிந்துகொண்டிருந்தாள்.

பொன்னையா தனுஜாவின் பக்கத்து இருக்கையில் கனமாக உட்கார்ந்தார். பஸ் மலையேற ஆரம்பித்தது.

"இனிமே எவன் என் மைக்கைப் புடிப்பான்?" என்றார். "எண்ணெய் டின்னோட வந்து நின்னா, இவரு கோட்டுக்குப் போற ஆளுன்னு பயப்படுவான்."

"சின்னச் சண்டைக்குப் புடிப்பாங்க தலைவரே. பெரிசுக்குப் பயப்படட்டும்."

"உனக்கென்னா, சொல்லிட்ட. கோயில் எண்ணெய்க்கு நான் எங்க போறது?"

"அதுக்காக எங்க அண்ணன் வருஷத்துக்கு ரெண்டு தடவை என் குடிலை ஒடைக்கணுமா?"

பொன்னையாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தார், முடியவில்லை. அந்தச் சிரிப்பை மறைக்க இருமினார். "வாயி," என்றார். "உங்க அப்பனுக்கு இந்த வாயி இல்ல."

வேலாயி மகளைத் திரும்பிப் பார்த்தாள். "ஒரே வீட்டுல எப்படித் தனு இருக்கப்போறோம்? அவன் மொகத்தைப் பாக்க வேணாமா?"

"பாப்போம்மா. சோறும் போடுவேன். அந்த மேட்டுல மட்டும் அவரு கால் படக்கூடாது. அவ்வளவுதான் நான் கேட்டது."

பின்கதவருகே நின்ற நிஷாந்துக்கு அது கேட்டது. அவன் வெளியே பார்த்துக்கொண்டான்.

மூங்கில் வந்து இறங்கியது. மரத்தூள் வந்தது. தனுஜா தூளை அவித்து ஆறவைத்து, விதை கலந்து, பைகளைக் கட்ட ஆரம்பித்தாள். வேலாயி முதலில் தூரத்தில் நின்று பார்த்தாள். பிறகு ஒன்றும் பேசாமல் வந்து உட்கார்ந்து, பை வாயைக் கயிற்றால் இறுக்கிக் கொடுத்தாள். இறுக்கம் போதவில்லை என்று தனுஜா இரண்டு பையைத் திருப்பிக் கொடுத்தாள். வேலாயி முறைத்துவிட்டு மறுபடி கட்டினாள்.

ஒரு காலை, கீழே வேன் வந்து நிற்கிற சத்தம். வேன் நிறுத்துகிற இடத்திலிருந்து வீட்டுக்கு வர மேட்டின் வழியே ஒரு குறுக்குப் பாதை உண்டு. குடிலை ஒட்டித்தான் அது போகிறது. தனுஜா பையைக் கீழே வைத்துவிட்டு எட்டிப் பார்த்தாள்.

நிஷாந்த் பாதையின் அடியில் வந்து நின்றான். கையில் எல்லயில் வாங்கிய அரிசிப் பை. மேலே பார்த்தான். தங்கையின் கண்ணைச் சந்தித்தான்.

பிறகு அவன் திரும்பி, அரிசியைத் தோளில் ஏற்றிக்கொண்டு, ஓடைக்கரை வழியாக லயத்தைச் சுற்றிப் போகும் நீளப் பாதையில் நடந்தான். தேயிலைச் செடிகளுக்கு நடுவே அவன் தலை மட்டும் தெரிந்து, மறைந்து, வெகு தூரம் சுற்றி, கடைசியில் வீட்டு வாசலில் தெரிந்தது.

"எடும்மா அடுத்த பையை," என்றாள் தனுஜா.